27 மெகாஹெர்ட்ஸுக்கு வண்டியில் ஆன்டெனா: டெல்டாவுக்கு எது ஒத்துவரும்?

சிபி செட் (சிட்டிசன்ஸ் பேண்ட், வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோ) வாங்க ஒரு மாதம் விசாரிப்பார்கள். ஆன்டெனாவைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. இது தலைகீழ். ஏஎம்மில் 4 வாட் விடும் செட்டுகளுக்குள் காதில் தெரிகிற வித்தியாசம் ரொம்பக் குறைவு. ஆன்டெனா எது, அதை வண்டியில் எங்கே வைத்தீர்கள், அடியில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் 2 கிலோமீட்டரா 8 கிலோமீட்டரா என்பது முடிவாகிறது. ஆன்டெனாவின் பிராண்டை நான் அந்த மூன்றுக்கும் பிறகுதான் பார்ப்பேன்.

முதலில் அலைவரிசை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் சிபிக்கு விட்டிருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் வரம்புக்குள். வெளிநாட்டுச் செட்டுகளில் 40 சேனல் இருக்கும். 1ஆம் சேனல் 26.965, 40ஆம் சேனல் 27.405. நம் வரம்பு 27ஆம் சேனலோடு (27.275) முடிந்துவிடுகிறது. 28ஆம் சேனல் 27.285, அதாவது வேலிக்கு வெளியே. செட்டுக்கு டபிள்யூபிசியின் (மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு) உபகரண வகை அங்கீகாரம் இருக்கிறதா, அது வெளி ஆன்டெனா மாட்ட இடம் கொடுக்கிறதா என்பதை வாங்கும்போதே காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவுக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் 1, 20, 40 சேனல்களில் அளந்து ட்யூன் செய்யச் சொல்லும். நமக்கு வேண்டியது 1, 14, 27. நடுப்புள்ளி 27.12 மெகாஹெர்ட்ஸ், 14ஆம் சேனல் 27.125 என்பதால் அதற்கு ஒட்டியே இருக்கிறது. பெட்டியைத் திறந்து அப்படியே மாட்டிய ஆன்டெனா பெரும்பாலும் 20ஆம் சேனலை ஒட்டி ட்யூன் ஆகியிருக்கும். நமக்கு அது ஒரு துளி குட்டை.

27.12இல் ஒரு முழு அலை சுமார் 11 மீட்டர். கால் அலை 2.77 மீட்டர்; கம்பியின் நுனி விளைவைக் கழித்தால் 2.63 மீட்டர் சுமாருக்கு வரும். சந்தையில் 102 அங்குல ஸ்டீல் விப் (வளையும் நெடுங்கம்பி) என்று விற்பது இதுதான். கீழே ஒரு ஸ்பிரிங் போட்டால் நீளம் சரியாகிவிடும். வேலையைப் பொறுத்தவரை இதைத் தோற்கடிக்கிற வண்டி ஆன்டெனா கிடையாது. ஆனால் 1.8 மீட்டர் உயர ஜீப்பின் கூரையில் வைத்தால் நுனி 4.4 மீட்டரில் நிற்கும். நம் ஊர் தெருக்களில் வீட்டு இணைப்புக் கம்பி எந்த உயரத்தில் தொங்குகிறது, வயல் வரப்புப் பாதையில் கரண்ட் கம்பி எவ்வளவு தொய்ந்து கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அது வெறும் கம்பி, உங்கள் விப்பும் வெறும் கம்பி. இந்தப் பக்கத்தில் முழு நீள விப்பைக் கூரையில் வைக்கவே கூடாது. ஆசைப்பட்டால் பின் பம்பரில் ஸ்பிரிங்கோடு மாட்டி, நைலான் கயிற்றால் முன்பக்கம் வளைத்துக் கட்டிவைக்கலாம். அப்போதும் ஊருக்குள் நுழையும்போது ஒரு கண் மேலே இருக்க வேண்டும்.

குட்டை ஆன்டெனா என்பது என்ன? கம்பியைக் குறைத்து, குறைந்த நீளத்துக்கு ஈடாக ஒரு காயில் (கம்பிச் சுருள்) சுற்றி வைத்திருக்கிறார்கள். காயில் அடியிலோ நடுவிலோ உச்சியிலோ இருக்கலாம். நீளம் குறையக் குறைய கதிர்வீச்சுத் தடை (அலையாகக் காற்றில் போகும் பங்கைக் குறிக்கும் ஓம் கணக்கு) வேகமாக விழுகிறது. அடியில் காயில் உள்ள ஆன்டெனாவுக்குத் தோராயக் கணக்கு: 60 சென்டிமீட்டருக்கு 1.2 ஓம், 1.2 மீட்டருக்கு 4.7 ஓம், 1.5 மீட்டருக்கு 7.3 ஓம், முழுக் கால் அலைக்கு 36 ஓம். இதோடு காயில் சூடும் பாடி எர்த் இழப்புமாக 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் குச்சியில் 10 சதவீதம்தான் காற்றில் போகிறது. 1.2 மீட்டரில் 32, 1.5 மீட்டரில் 42, முழு விப்பில் 78. அதாவது 4 வாட் செட்டில் பேசுகிற ஆள், அழகுக்காகக் குட்டைக் குச்சி வைத்தால் 0.4 வாட்டில்தான் பேசுகிறார். மீதி காயிலிலும் எர்த்திலும் சூடாகப் போகிறது.

காயிலை மேலே ஏற்ற ஏற்ற, அதே நீளத்துக்கு வீச்சு கூடும். உச்சியில் சுருள் சுற்றிய ஃபைபர் கம்பி 1.2 மீட்டரிலேயே, அடியில் காயில் உள்ள 1.5 மீட்டரை எட்டிப் பிடிப்பது அதனால்தான். காயில் கூரை மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பது இதோடு ஒட்டிய விதி. கேரியர் கம்பிகளுக்கு நடுவே காயில் புதைந்து நின்றால் பாதி வேலை அங்கேயே போய்விடும்.

என் தேர்வு: கார், ஜீப், பொலிரோ வகைக்குக் கூரை நடுவில் 1.5 மீட்டர் அடிக்காயில் ஆன்டெனா, காந்த அடியோடு. நெல் லோடு அடிக்கும் லாரிக்கும் மினி லாரிக்கும் கண்ணாடித் தாங்கியில் 1.2 மீட்டர் உச்சிச்சுருள் ஃபைபர். 90 சென்டிமீட்டருக்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விஷயத்தில் டெல்டாவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. குன்று இல்லை, மேடு இல்லை. நிமிர்ந்த ஆன்டெனாவின் அலை தரையை ஒட்டிப் போகும்போது ஈரமண் அதை நன்றாகத் தாங்குகிறது. தண்ணீர் கட்டிய சம்பா வயலுக்கு மேல் போவதும் காய்ந்த செம்மண் மேட்டில் போவதும் ஒன்றல்ல. உப்பு ஈரம் என்றால் இன்னும் மேல். வேதாரண்யம் உப்பளப் பக்கமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரமும் அதே செட் கூடுதலாக எட்டும். தென்னந்தோப்பு 27 மெகாஹெர்ட்ஸை அவ்வளவாகத் தின்னாது. கையடக்க யுஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) செட்டுதான் தோப்புக்குள் மூச்சு வாங்கும். 2018 நவம்பர் 16இல் கஜா அடித்துப் போன பிறகு செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டதைப் பார்த்தவர்களுக்கு, வண்டியிலிருந்து வண்டிக்கு நேராகப் பேசும் ஒரு செட் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

கெடுதலும் அதே உப்பிலிருந்துதான். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆன்டெனா என்பது பாதிதான். மீதிப் பாதி வண்டியின் தகரம். கூரை நடுவில் வைத்தால் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். ஓரத்தில் வைத்தால், எந்தப் பக்கம் தகரம் அதிகமோ அந்தப் பக்கம் தள்ளிப் பேசும். வலது பின் மூலையில் மாட்டினால் இடது முன்பக்கம் பலமாகவும் நேர் பின்னால் பலவீனமாகவும் இருக்கும். பின்னால் வருகிற வண்டிக்குக் கேட்கவில்லை என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம், செட்டில் கோளாறு இருக்காது. டெல்டா சாலைகளில் இன்னொரு கணக்கும் உண்டு. படுகைச் சாலையில் மூங்கில் கொத்து, பழைய தார்ச்சாலையில் புளியங்கிளை, எல்லாம் இடது பக்கம்தான் தாழ்ந்து நிற்கும். ஓரத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் டிரைவர் பக்கம் வையுங்கள். ஆடுவதும் அடிபடுவதும் கண்ணில் படும்.

காந்த அடி மாட்டுவது சுலபம் என்று நினைக்கிறோம். அது தகரத்தோடு நேரடியாகத் தொடுவதில்லை. பெயின்டை நடுவில் வைத்துக்கொண்டு மின்தேக்கி மாதிரி இணைகிறது. அதனால் அடியின் பரப்பு முக்கியம். 12 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த காந்தத்தில் 1.5 மீட்டர் கம்பி வைத்தால் இணைப்பும் போதாது, 80இல் போகும்போது பஸ் எதிரே வந்து காற்றடித்தால் நிற்கவும் நிற்காது. அடியில் மணலும் நெல் தூசியும் சேர்ந்தால் பெயின்டை அரைத்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கழற்றி, இரண்டு பக்கமும் துடைத்து வையுங்கள். தேங்கிய ஈரத்தில் கூரை வட்டமாகத் துருப்பிடிப்பதைத் தடுக்க வேறு வழி இல்லை. அலுமினியக் கூண்டு கட்டிய வண்டியில் காந்தம் ஒட்டாது. ஃபைபர் கூரை வைத்த அறுவடை மெஷின் கேபினிலும் அதே கதை.

அறுவடை மெஷினுக்கும் டிராக்டருக்கும் பிராக்கெட்தான். மெஷினே உயரம் என்பதால் அதன் உச்சியைத் தாண்டி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; முன் தூணில் பக்கவாட்டில் இறக்கி மாட்டுங்கள், வீச்சு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. டிராக்டரில் பானெட்டை நம்ப வேண்டாம். கீலில் தொங்கும் தகரத்துக்கும் சேஸிக்கும் நடுவே கிரீசும் துருவும்தான் இருக்கிறது, மின்சாரத் தொடர்பு இருக்காது. பின்னிய செம்புப் பட்டை 15 சென்டிமீட்டர் எடுத்து, இரண்டு முனையிலும் வளையம் வைத்து, பானெட்டிலிருந்து பாடிக்குப் போல்ட் போட்டால் சரியாகும். காரில் பானெட் ஓரத்திலோ டிக்கி மூடியிலோ மாட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டுங்கள், இரும்பு பளபளக்கும் வரை. பல் வாஷர் ஒன்று, முறுக்கு, மேலே வாசலின், ஓரமெல்லாம் மறுபடி பெயின்ட். மல்டிமீட்டரை பிராக்கெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தால் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும்.

ஃபைபர் ஆன்டெனாவின் அடித்திருகு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. நம் ஊர் போல்ட் கடையில் 3/8 கேட்டால் எடுத்துத் தருவது 16 மரை. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் பித்தளை மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். லேத்தில் சொல்லும்போது ‘ஃபைன் த்ரெட், 24’ என்று சொல்லி, ஆன்டெனாவையே கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

அந்தத் திருகில் தோள் வைத்த வெள்ளை நைலான் வாஷர் ஒன்று வரும். கேபிளின் நடுக்கம்பியோடு சேர்ந்த திருகு பிராக்கெட்டைத் தொடாமல் பிரிப்பது அதுதான். அதை மேலும் கீழும் மாற்றிப் போட்டாலோ, தோள் ஓட்டைக்குள் உட்காராமல் ஒதுங்கி நசுங்கினாலோ முழு ஷார்ட். புது ஆன்டெனா எல்லாச் சேனலிலும் எஸ்டபிள்யூஆர் (செட் அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1தான் சிறந்தது) 3க்கு மேல் காட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கேபிள் முனையில் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஃபைபர் ஆன்டெனாவுக்குத் திறந்து இருக்க வேண்டும். அடிக்காயில் வகை பலவற்றில் காயிலின் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள். அதில் 0 காட்டினால் பயப்பட வேண்டாம்.

கேபிளுக்கு 50 ஓம் ஆர்ஜி-58, செம்பு வலை அடர்த்தியாக உள்ளது, 5 மீட்டர் சுமாருக்கு. அந்த நீளத்தில் இழப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. தெருமுனை கேபிள் டிவி கடையில் கிடைக்கும் ஆர்ஜி-6ஐப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது 75 ஓம், வலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. விட்டுவிடுங்கள். லாரியில் இரண்டு கண்ணாடிக்கும் இரண்டு ஆன்டெனா வைக்கும் ஜோடி இணைப்பில் மட்டும் 75 ஓம் கேபிளுக்கு வேலை உண்டு. அதுவும் இரண்டுக்கும் நடுவே கால் அலை, 2.7 மீட்டர் இடைவெளி இருந்தால்தான் பலன். நம் லாரியின் அகலத்துக்கு அது எட்டாது, பணம் தண்டம்.

கேபிள் இத்தனை அடி என்று கச்சிதமாக வெட்டினால்தான் எஸ்டபிள்யூஆர் சரியாகும் என்றொரு நம்பிக்கை ஓடுகிறது. கேபிள் நீளத்தை மாற்றினால் மீட்டர் முள் பெரிதாக மாறுகிறது என்றால், எர்த் சரியில்லாமல் கேபிளின் வெளி உறையே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பிராக்கெட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

கேபிளைச் செட்டில் சேர்க்கும் பிஎல்-259 பிளக் வைப்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். ஆர்ஜி-58க்கு உள்ளே போடும் குறுக்கி (ரெட்யூசர்) ஒன்று தனியாக வாங்க வேண்டும். முதலில் வெளி வளையத்தையும் பிறகு குறுக்கியையும் கேபிளில் கோத்துவிடுங்கள். ஈயம் வைத்து முடித்த பிறகு வளையம் மேஜையில் கிடப்பது இந்தத் தொழிலின் பழைய கூத்து. மேல் ரப்பரை 19 மில்லிமீட்டர் உரியுங்கள். வலையை விரித்துப் பின்னால் மடக்கி, குறுக்கியை அதன் அடியில் நகர்த்தி, வலையைக் குறுக்கியின் மேல் படியவைத்து 9 மில்லிமீட்டர் விட்டு மீதியை வெட்டுங்கள். உள்ளே வெள்ளை இன்சுலேஷனை நடுக்கம்பி 16 மில்லிமீட்டர் தெரியும்படி எடுத்து, கம்பிக்கு ஈயப்பூச்சு கொடுங்கள். பிளக்கைக் குறுக்கியில் திருகி இறுக்கியபின், பக்கத்து ஓட்டைகள் வழியாக வலை தெரியும். அங்கே ஈயம் வையுங்கள். 25 வாட் அயர்ன் இதற்கு ஆகாது. பிளக்கின் உடம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் உருண்டையாக மேலே நிற்கும், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் உருகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாயும். 100 வாட் அயர்ன், மொத்த முனை, ஐந்தாறு நொடியில் வேலை முடிய வேண்டும். கடைசியில் நடு ஊசியின் நுனி. ஆறியபின் மீட்டரில் ஷார்ட் பார்த்துவிட்டு வளையத்தைத் திருகுங்கள்.

கேபிளைக் கதவு வழியே விட்டால் ரப்பர் மெத்தென்று இருக்கும் மேல் பக்கமாக விடுங்கள். கதவு நசுக்கிய இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வலை நடுக்கம்பியை நெருங்கியிருக்கும். மீந்த கேபிளை இறுக்கிச் சுருட்டிக் கட்டாமல் இருக்கைக்கு அடியில் தளர்வாக நீட்டி விடுங்கள்.

இனி ட்யூனிங். வண்டியைக் களத்துமேடு மாதிரித் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். தகரக் கொட்டகை, மின்கம்பம், இன்னொரு லாரி எதுவும் பத்து மீட்டருக்குள் வேண்டாம். கதவுகளும் பானெட்டும் மூடியிருக்கட்டும். எஸ்டபிள்யூஆர் மீட்டரை செட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே சேருங்கள். மீட்டரை முன்போக்கில் வைத்து, மைக்கை அழுத்தி, முள்ளை ‘செட்’ கோட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு எதிர்போக்குக்கு மாற்றிப் படியுங்கள். சேனல் மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து. 1, 14, 27 மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1இல் அதிகம், 27இல் குறைவு என்றால் ஆன்டெனா குட்டை, நீட்ட வேண்டும். 27இல் அதிகம் என்றால் நீளம், குறைக்க வேண்டும். முழு விப்பில் 1 சென்டிமீட்டர் வெட்டினால் 100 கிலோஹெர்ட்ஸ், சுமார் பத்துச் சேனல் நகரும். காயில் உள்ள குட்டை ஆன்டெனாவில் அதே சென்டிமீட்டர் இன்னும் தூரம் தள்ளும். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள்; வெட்டியது வெட்டியதுதான். மூன்றிலும் ஒரே மாதிரி 3க்கு மேல் என்றால் நீளத்தில் கைவைக்கவே வேண்டாம், ஷார்ட்டோ எர்த்தோ பாருங்கள்.

1.5க்குள் வந்தால் எழுந்துவிடலாம். 1.5இல் திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2இல் 11, 3இல் 25. 1.3ஐ 1.1 ஆக்க அரை நாள் செலவழிப்பது வெட்டிவேலை. நல்ல எஸ்டபிள்யூஆர் இருந்தால் நல்ல ஆன்டெனா என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு 50 ஓம் தடையைச் செருகினாலும் மீட்டர் 1 காட்டும், வாசலைத் தாண்டிக் குரல் போகாது. துரு ஏறிய பழைய ஆன்டெனாவில் எல்லாச் சேனலிலும் முன்னைவிட அழகான எண் வந்தால் சந்தேகப்படுங்கள், இழப்பு கூடியிருக்கிறது.

லோடும் முள்ளை ஆட்டும். ஈர வைக்கோலை ஆன்டெனா உயரத்துக்கு ஏற்றினாலோ தார்ப்பாய் காயிலை உரசினாலோ ட்யூனிங் கீழே இறங்கும். வெறும் வண்டியில் ட்யூன் செய்துவிட்டு, லோடோடு ஒரு முறை 14ஐ மட்டும் பார்த்து வையுங்கள். 2க்குள் இருந்தால் போதும்.

இரைச்சல் ஆன்டெனாவில் இருந்து வருகிறதா என்று பார்க்க, கேபிளைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் ஆன்டெனா வழியே வருகிறது; தொடர்ந்தால் கரண்ட் ஒயர் வழியே. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் குற்றவாளி சிகரெட் லைட்டரில் செருகிய மலிவு மொபைல் சார்ஜரும் மலிவு எல்இடி பட்டையும்தான். 24 வோல்ட் லாரியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள், அந்த பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டு, அதை செட்டுக்கும் கேபிளுக்கும் தள்ளி வையுங்கள். பகல் நேரத்தில் புரியாத மொழியில் தூர தேசத்துக் குரல்கள் வந்தால் அது கோளாறு இல்லை. சூரியப் புள்ளிகள் கூடிய 2024, 25 மாதிரி ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் வானத்தில் பட்டுத் திரும்பும்.

உப்புக்கு வருகிறேன். நாகை, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஓடுகிற வண்டியில் அலுமினிய பிராக்கெட்டும் ஸ்டீல் போல்ட்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பிராக்கெட்டும் போல்ட்டும் ஒரே ஸ்டெயின்லெஸ், முடிந்தால் 316 கிரேடு. அடிப்பக்க இணைப்பில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுவது தண்ணீரை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதி மேல் பாதி ஏறும்படி சுற்றுங்கள். கேபிள் வண்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டால் கேபிளை செட்டிலிருந்து கழற்றுங்கள். வண்டியை நிறுத்திவிட்டீர்கள் என்றால் ஆன்டெனாவையும் இறக்கிவிடுங்கள், இடிக்கு முன்பாக, இடிக்கு நடுவில் இல்லை.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் அடி இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். வலை செம்பு நிறத்தில் இருந்தால் திரும்ப மூடிவிடலாம். கறுத்திருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிப் புது முனை வைக்க வேண்டும். அதற்காகவே கேபிள் வாங்கும்போது அரை மீட்டர் கூடுதலாக வாங்கி உள்ளே விட்டு வைப்பது.